பல்லுக்குப் படம்: எப்போது கேட்க வேண்டும், எப்போது வேண்டாம் என்று சொல்ல வேண்டும்



அன்பின் உறவுகளே, இது கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளைகளின் பல் பற்றியது. இப்போது நேரமில்லாதவர்கள் சேமித்து வைத்து இஷாவுக்குப் பிறகு வாசியுங்கள். தாய்மாருக்கு அனுப்பி வையுங்கள்.

பல் வலி என்று வந்தால் நம் பகுதியில் பெரும்பாலும் இரண்டு முடிவுகளில் ஒன்றுதான். ஒன்று, "வலிக்கிற பல்ல புடுங்கி விடுங்க டொக்டர், பெரிய வேலை ஒண்டும் வேணாம்." மற்றது, கையில் கொஞ்சம் காசு புழங்கும் வீடுகளில், அல்லது கட்டாரிலிருந்து மாதாமாதம் காசு வரும் வீடுகளில்: "கொழும்பில த்ரீடீ ஸ்கேன் இருக்காம், அதையே எடுத்துப் பாப்பம்." முதலாவதில் படமே இல்லை. இரண்டாவதில் பல் வைத்தியர் வாயைத் திறந்து பார்க்க முன்னமே படம் வந்துவிடுகிறது.

எங்கள் கருத்தை இங்கேயே சொல்லிவிடுகிறோம். வாயைப் பார்த்த வைத்தியரிடம் ஒரு கேள்வி எழ வேண்டும். படம் அந்தக் கேள்விக்குப் பதில். கேள்வி இருந்தும் எடுக்காத படத்தால் பல் போகிறது. கேள்வி இல்லாமல் எடுத்த படத்தால் காசும் போகிறது, பிள்ளைக்குத் தேவையில்லாத கதிரும் போகிறது.

நாங்கள் வைத்தியர்கள் அல்லர். கல்வியியற் கல்லூரியில் படித்து ஆரம்பப் பிரிவில் கற்பிப்பவர்கள். ஆனால் பிள்ளைகள் வாய் திறந்து வாசிப்பதை நாளாந்தம் முன்னால் நின்று பார்ப்பவர்கள். கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு மேசையில் சாய்ந்திருக்கும் பிள்ளை சோம்பேறியா, பல் வலியா என்று பிரித்தறியப் பழகியவர்கள். அந்த உரிமையில் எழுதுகிறோம்.

முதலில் ஒரு பல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிள்ளைக்கு ஆறு வயதளவில், பாற்பற்களுக்குப் பின்னால், மேலே இரண்டும் கீழே இரண்டுமாக நான்கு பெரிய கொடுப்புப் பற்கள் முளைக்கின்றன. தரம் ஒன்று, இரண்டு படிக்கிற வயது. இதற்காக எந்தப் பாற்பல்லும் விழுவதில்லை. முன்பல் விழுந்தால் வீடே பார்க்கிறது, கூரையில் எறிகிறது, மூத்தம்மா சிரிக்கிறா. பின்னால் வந்த பல்லை யாரும் காண்பதில்லை. கண்டாலும் "பால் பல்லுத்தானே, விழுந்து வேற முளைக்கும்" என்று விட்டுவிடுகிறோம். அது விழாது. அதற்குப் பிறகு அந்த இடத்தில் வேறொன்று முளைக்கவும் மாட்டாது. அறுபது, எழுபது வயது வரைக்கும் சோறும் இறைச்சியும் மெல்ல வேண்டிய பல் அது.

அதன் மேற்பரப்பு ஆழமான பள்ளங்கள் நிறைந்தது. ஆறு வயதுப் பிள்ளையின் பிரஷ் அவ்வளவு தூரம் போகாது. பிஸ்கட்டும் டொபியும் இனிப்பு ஐஸ் பக்கெட்டும் தங்கிவிடும். தரம் நான்கு, ஐந்து வரும்போது நடுவில் கறுப்பு ஓட்டை. புலமைப்பரிசில் பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது வலி தொடங்கும். கராம்பு வைப்பார்கள், பனடோல் கொடுப்பார்கள். வலி நின்றவுடன் நல்லதாகிவிட்டது என்று நினைப்பார்கள். உண்மையில் வலி திடீரென்று நிற்பதற்கு ஒரு காரணம், பல்லின் உள்ளே இருக்கிற நரம்பு செத்துப்போவது. கொஞ்ச நாளில் முரசில் சலம் கட்டி வீங்கும்போதுதான் ஆஸ்பத்திரி. அப்போது பிள்ளை அழுகிறது, வாப்பாவுக்கு வேலைக்குப் போக வேண்டும், வெளியே நூறு பேர் நிற்கிறார்கள். "புடுங்கி விடுங்க."

இந்த இடத்தில் ஒரு சிறிய எக்ஸ்ரே என்ன செய்யும் என்பதைத்தான் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். வாய்க்குள் வைத்து எடுப்பது, பிள்ளையின் இரண்டு விரல் அளவு படம். நேரம் ஒரு நொடிக்கும் குறைவு. சூத்தை பல்லின் நடு அறை வரை போய்விட்டதா, அதற்கு முன் நிற்கிறதா என்று அது ஓரளவு காட்டும். வேர் நுனியில் எலும்பு கரைந்திருந்தால் அங்கே கறுப்பு நிழல் தெரியும். வேர் முழுதாக வளர்ந்து முடிந்ததா என்பதையும் காட்டும். இது பலருக்குத் தெரியாத விடயம். பல் வெளியே வந்தாலும் அதன் வேர் முடிய இன்னும் மூன்று வருடமளவு எடுக்கும். எட்டு வயதுப் பிள்ளையின் கொடுப்புப் பல்லின் வேர் நுனி புனல் போலத் திறந்திருக்கலாம். திறந்த வேருக்கு ஒரு சிகிச்சை, மூடிய வேருக்கு வேறு சிகிச்சை. படம் இல்லாமல் வைத்தியருக்கும் அது தெரியாது.

பல்லும் பல்லும் உரசும் பக்கத்தில் வரும் சூத்தையும் அப்படித்தான். கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் ஆரம்பத்தில் தெரியாது. பிள்ளை ஒரு சிறிய தாளைக் கடித்துக்கொண்டிருக்க எடுக்கும் படத்தில் தெரியும். பாற்பல் என்றால் இன்னொரு பயன். அதன் கீழே நிரந்தரப் பல்லின் முளை இருக்கிறதா என்று பார்க்கலாம். சில பிள்ளைகளுக்குப் பிறப்பிலேயே அந்த முளை இருக்காது. அப்படியானால் அந்தப் பாற்பல்லை அவசரப்பட்டுப் பிடுங்கக் கூடாது, கீழே வர வேறு ஆள் இல்லை.

சரி, பல் காப்பாற்ற முடியாத நிலைக்குப் போய்விட்டது, பிடுங்கத்தான் வேண்டும் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் படத்துக்கு வேலை இருக்கிறது. எட்டு முதல் பத்து வயதுக்குள், பின்னால் வரப்போகும் இரண்டாவது கொடுப்புப் பல் எலும்புக்குள் ஒரு குறிப்பிட்ட கட்டத்தில் இருக்கும்போது முதலாவதைப் பிடுங்கினால், பின்னால் வருவது முன்னால் நகர்ந்து அந்த இடைவெளியை நிரப்ப வாய்ப்பு அதிகம். பிந்தினால் அது சரிந்து முளைக்கும், இடைவெளியும் நிற்கும். ஆக, எந்த மாதத்தில் பிடுங்குவது என்பதற்கே ஒரு படம் வழிகாட்டும். "புடுங்கிறதுக்கு எதுக்குப் படம்?" என்று கேட்பவர்களுக்கு எங்கள் பதில் இதுதான்.

எல்லாப் பிடுங்கலுக்கும் படம் வேண்டும் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. ஆடிக்கொண்டிருக்கும் பாற்பல்லுக்கு யாரும் எக்ஸ்ரே எடுப்பதில்லை. கன்னம் வீங்கி, காய்ச்சலும் அடித்து, வாய் திறக்கவோ விழுங்கவோ முடியாமல் இருக்கும் பிள்ளைக்கு முதல் வேலை அவசர சிகிச்சை. படம் பிறகு. நோன்பு காலத்தில் "பெருநாள் முடியட்டும்" என்று அப்படியான பிள்ளையை வீட்டில் வைத்திருக்காதீர்கள்.

இனி கதிர் பயத்துக்கு வருவோம். "எக்ஸ்ரே புள்ளைக்குக் கூடாது" என்று சொல்லிப் படத்தை மறுத்துவிட்டு வரும் தாய்மாரை எங்களுக்குத் தெரியும். பயம் முழுக்கப் பொய்யும் இல்லை. ஜேர்மனியில் ரோன்ட்ஜன் 1895 நவம்பரில் இந்தக் கதிரைக் கண்டுபிடித்தார். சில வாரங்களிலேயே, 1896 ஜனவரியில், ஒட்டோ வால்கொவ் என்ற பல் வைத்தியர் தன் வாய்க்குள் புகைப்படத் தகடொன்றை வைத்து 25 நிமிடம் அசையாமல் கிடந்து முதல் பல் படத்தை எடுத்தார். அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸில் எட்மண்ட் கெல்ஸ் என்பவர் இயந்திரத்தைச் சரிசெய்யத் தன் கையையே திரும்பத் திரும்பக் கதிருக்கு முன்னால் பிடித்தார். விரல்கள் போயின, பிறகு கையே போனது, 1928 இல் மரணமானார். அப்படிப்பட்டவர்கள் கொடுத்த விலையில்தான் இன்றைய பாதுகாப்பு விதிகள் வந்தன. 25 நிமிடம் இன்று ஒரு நொடியின் ஒரு பகுதியாகக் குறைந்திருக்கிறது.

இப்போதைய அளவைப் பார்ப்போம். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் உணவிலிருந்தும் ஒரு மனிதனுக்கு இயற்கையாகவே கதிர் படுகிறது. உலக சராசரி வருடத்துக்கு 2.4 மில்லி சீவர்ட். ஒரு நாளைக்குக் கணக்கிட்டால் ஆறு, ஏழு மைக்ரோ சீவர்ட். டிஜிட்டல் முறையில் எடுக்கும் ஒரு சிறிய பல் படம் பெரும்பாலும் ஒன்றிலிருந்து எட்டு மைக்ரோ சீவர்ட்டுக்குள். அதாவது நாம் சும்மா வீட்டில் இருந்தாலும் ஒரு நாளில் வாங்கும் அளவுதான். முழுத் தாடையையும் காட்டும் ஓபீஜீ படம் சில நாட்களின் அளவு. முப்பரிமாண ஸ்கேன் வேறு கணக்கு. சில பற்களுக்கு மட்டும் சிறியதாக எடுத்தால் சில பத்து மைக்ரோ சீவர்ட்டில் நிற்கலாம், முகம் முழுவதற்கும் எடுத்தால் இயந்திரத்தைப் பொறுத்துப் பல நூறுக்குப் போகும். வளரும் பிள்ளையின் உடல் கதிருக்குப் பெரியவர்களின் உடலைவிடக் கூடுதலாகப் பாதிக்கப்படக் கூடியது. ஆக, பயப்பட வேண்டிய இடம் சிறிய படம் அல்ல. காரணம் சொல்லாமல் எழுதப்படும் பெரிய படத்துக்குத்தான் நாம் கேள்வி கேட்க வேண்டும்.

கர்ப்பிணிகள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அவசியமான பல் படத்தை அவர்களுக்கும் எடுக்கலாம், அவசியமில்லாததைப் பிள்ளை கிடைத்த பிறகு எடுப்பார்கள். இன்னொன்று, ஈய ஏப்ரன் போடவில்லை என்று சிலர் சண்டை பிடிக்கிறார்கள். அமெரிக்க பல் வைத்தியச் சங்கத்தின் நிபுணர் குழு 2024 இல், இன்றைய இயந்திரங்களில் கதிரை வேண்டிய இடத்துக்கு மட்டும் அளவாகப் படவிட்டால் போதும், வழமையாக ஏப்ரன் போடத் தேவையில்லை என்றே பரிந்துரைத்தது. ஆகவே ஏப்ரனைக் கேட்பதைவிட "இந்தப் படம் எதைப் பார்க்க?" என்று கேட்பது பயனுள்ளது.

அடுத்து, முப்பரிமாணம் என்றால் என்ன? விஞ்ஞானப் பாடம்போலத் தோன்றினாலும் பொறுத்துக்கொள்ளுங்கள், இது தெரிந்தால்தான் எதற்குக் காசு கொடுக்கிறோம் என்பது விளங்கும்.

சாதாரண எக்ஸ்ரே ஒரு நிழல். மின்சாரம் நின்ற இரவில் விளக்குக்கு முன்னால் இரண்டு விரலை ஒன்றன்பின் ஒன்றாகப் பிடித்தால் சுவரில் ஒரு விரல்தான் தெரியும். பல்லிலும் அதே சிக்கல். முன்னால் ஒரு வேர், பின்னால் ஒரு வேர், படத்தில் ஒன்றின் மேல் ஒன்று. நல்ல பல் வைத்தியர் இதற்கு ஒரு பழைய வழி வைத்திருக்கிறார். இயந்திரத்தைக் கொஞ்சம் பக்கவாட்டில் நகர்த்தி இரண்டாவது படம் எடுப்பார். கிண்ணியாப் பாலத்தில் பஸ்ஸில் போகும்போது பாருங்கள், பக்கத்தில் இருக்கிற கம்பிகள் பின்னால் ஓடும், தூரத்தில் துறைமுகத்துப் பக்கம் தெரியும் மலை நம்மோடு கூடவே வருவதுபோல இருக்கும். அதே கணக்குத்தான். இரண்டு படத்தையும் ஒப்பிட்டால், இயந்திரத்தோடு சேர்ந்து நகர்ந்த வேர் நாக்குப் பக்கம், எதிர்ப்பக்கம் நகர்ந்தது கன்னப் பக்கம். இரண்டு சிறிய படத்தில் தீரக்கூடிய கேள்விக்குக் கொழும்புக்கு பஸ் ஏற வேண்டியதில்லை.

ஓபீஜீ என்பது தலையைச் சுற்றி இயந்திரம் நகர்ந்து இரண்டு தாடையையும் விரித்துக் காட்டும் படம். பின்லாந்தில் பாட்டெரோ என்ற பேராசிரியர் 1940களிலும் 50களிலும் உருவாக்கிய முறை. ஞானப்பல் எங்கே புதைந்திருக்கிறது, எந்தப் பல் இன்னும் வரவில்லை, தாடையில் நீர்க்கட்டி இருக்கிறதா என்பதையெல்லாம் ஒரே பார்வையில் காட்டும். ஒரு சிறு சூத்தையைப் பார்க்க அது சரியான படமில்லை, முன்பற்கள் மங்கலாகவும் வரும்.

நம் பெண்களுக்காக இங்கே ஒரு விடயம். காதுத் தோட்டைக் கழற்றாமல் ஓபீஜீ எடுத்தால், ஒரு பக்கத்துத் தோட்டின் மங்கலான நிழல் மறுபக்கத் தாடையின் மேல், கொஞ்சம் உயரத்தில் வந்து விழும். ஹிஜாபுக்குக் குத்தும் உலோக ஊசியும் கழுத்துச் சங்கிலியும் கதிரின் வழியில் வந்தால் இப்படித்தான் தொந்தரவு. படம் கெட்டால் திரும்ப எடுக்க வேண்டும், அதாவது திரும்பக் கதிர். எனவே அன்றைக்கு ஊசி இல்லாத, இழுத்துக் கட்டும் துணி ஹிஜாபைப் போட்டுக்கொண்டு போங்கள், நகையை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். துணி படத்தில் தெரியாது. கழற்றச் சொன்னால் எதைக் கழற்ற வேண்டும், ஏன் என்று கேளுங்கள். பெண் உத்தியோகத்தர் இருக்கிறாரா என்றும் தயங்காமல் கேளுங்கள். வெட்கப்பட்டு, ஊசி இருக்கிறதைச் சொல்லாமல் நின்று, படம் கெட்டுத் திரும்ப எடுத்த கதைகள் எங்கள் ஆசிரியைகளிடமே இருக்கின்றன.

இனி சீபீசீடீ என்ற முப்பரிமாண ஸ்கேன். 1990களின் பிற்பகுதியில் இத்தாலியின் வெரோனாவிலும் ஜப்பானிலும் பல் வைத்தியத்துக்கென்று உருவானது. கதிர் கூம்பு வடிவில் வர, இயந்திரம் தலையை ஒருமுறை சுற்றி நூற்றுக்கணக்கான படங்களை எடுக்கிறது. கணினி அவற்றைச் சேர்த்து ஒரு கன உருவமாக்குகிறது. பிறகு வட்டிலப்பத்தை எந்தப் பக்கமும் வெட்டிப் பார்ப்பதுபோல, தாடையை எந்தக் கோணத்திலும் வெட்டிப் பார்க்கலாம். மில்லிமீற்றரில் பத்தில் ஒன்று, இரண்டு பங்கு அளவு நுணுக்கம் வரை தெரியும்.

இது உண்மையாகவே தேவைப்படும் இடங்கள் இருக்கின்றன. கீழ்த் தாடையின் எலும்புக்குள்ளே ஒரு நரம்பு ஓடுகிறது, கீழுதட்டுக்கும் நாடிக்கும் உணர்வு கொடுப்பது. ஞானப்பல்லின் வேர் அந்த நரம்பில் ஒட்டியிருந்தால், பிடுங்கும்போது நரம்பு சேதப்பட்டு உதடு மரத்துப் போகலாம், சிலருக்கு நிரந்தரமாகவே. ஓபீஜீயில் நரம்புக் குழாயின் வெள்ளைக் கோடு வேரைத் தாண்டும் இடத்தில் அறுந்து தெரிந்தால், அல்லது அவ்விடத்தில் வேர் கறுத்துத் தெரிந்தால், அப்போது ஸ்கேன் கேட்பது நியாயம். மேல் வேட்டைப்பல் அண்ணத்துக்குள் புதைந்து பக்கத்துப் பல்லின் வேரை அரிக்கிறதா என்று பார்ப்பது, எலும்பில் செயற்கைப் பல் பதிப்பது, பெரிய நீர்க்கட்டி, மோட்டார் சைக்கிள் விபத்தில் உடைந்த தாடை, ஒருமுறை செய்தும் சரிவராத வேர்ச் சிகிச்சை: இவற்றுக்கெல்லாம் அது வைத்தியருக்குப் பெரிய துணை. இப்படியான தேவைக்குப் பேராதனைப் பல் போதனா வைத்தியசாலைக்கோ கொழும்புக்கோ அனுப்பினால், 180 கிலோமீற்றர் என்றாலும், 260 கிலோமீற்றர் என்றாலும் போகத்தான் வேண்டும். அங்கே தட்டிக்கழிக்காதீர்கள்.

ஆனால் சாதாரண சூத்தைக்கு அது தேவையில்லை. அதுமட்டுமில்லை, பல்லில் உலோக அடைப்போ உலோகத் தொப்பியோ இருந்தால் ஸ்கேனில் அதைச் சுற்றிக் கோடுகளும் கறுப்பு நிழல்களும் விழும், இல்லாத சூத்தை இருப்பதுபோலத் தெரியும், இருப்பது மறையும். பிள்ளை அசைந்தால் முழுப் படமும் மங்கும். விலை கூடியதால் அது எல்லாக் கேள்விக்கும் நல்ல பதில் என்று ஆகிவிடாது. நம்மவர்கள் மருத்துவத்தையும் மோட்டார் சைக்கிள் மொடலைப் போலப் பார்க்கிறார்கள், புதியதென்றால் நல்லதாம்.

படம் எதையும் காட்டாத ஒரு நோயும் நம் ஊர்களில் இருக்கிறது. அதைப் பேசாமல் இந்தப் பதிவை முடிக்க மனமில்லை. இலங்கை ஆண்களிடையே அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய். வெற்றிலை, பாக்கு, புகையிலை. புகையிலை இல்லாமல் வெறும் பாக்கு மட்டும் சப்பினாலும் ஆபத்துத்தான். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் பாக்கையே புற்றுநோய் உண்டாக்கும் பொருளென்று 2004 இல் முதலாம் வகுப்பில் சேர்த்துவிட்டது. கடலுக்குப் போகிறவர்கள் தூக்கம் வராமலிருக்கச் சப்புகிறார்கள், மேசன் வேலை செய்கிறவர்கள் பசி தெரியாமலிருக்கச் சப்புகிறார்கள். உயர்தர வகுப்பு மாணவர்களின் பொக்கற்றிலும் பக்கெட் பாக்குத் தூளைக் கண்டிருக்கிறோம்.

இந்தப் புற்று கன்னத்தின் உள்தோலிலும் நாக்கின் ஓரத்திலும் தொடங்குகிறது. அது மென்மையான தசை. எக்ஸ்ரே அதற்குள்ளால் போய்விடும். எலும்பை அரித்த பிறகுதான் படத்தில் தெரியும், அப்போது காலம் கடந்திருக்கும். "ஓபீஜீ எடுத்தம், ஒண்டுமில்லையாம்" என்று ஒரு மூத்தவர் நிம்மதியாகத் திரும்பினால், அவர் வாய்க்குள் யாராவது வெளிச்சம் பிடித்துப் பார்த்தார்களா என்று கேளுங்கள். ஆறாத புண் இரண்டு, மூன்று வாரத்தைத் தாண்டினால், கழுவினாலும் போகாத வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு இருந்தால், கறிக் காரம் பட்டதும் வாய் எரிந்தால், தன் மூன்று விரலை ஒன்றாகச் சேர்த்து வாய்க்குள் நுழைக்க முடியாமல் வாய் இறுகிவிட்டால், பல் வைத்தியரிடம் போங்கள். பார்க்கக் கண்ணும் வெளிச்சமும் போதும். சந்தேகமென்றால் சிறு துண்டு தசை எடுத்துப் பரிசோதிப்பார்கள். வலி இல்லை என்று காத்திருக்காதீர்கள், ஆரம்பத்தில் அது வலிக்காது.

படம் எடுத்தவர்கள் அதைப் பத்திரமாக வைத்திருங்கள். நம்மில் பலர் படத்தை எடுத்த இடத்திலேயே விட்டுவிட்டு வந்து, அடுத்த வைத்தியரிடம் அதே படத்தைத் திரும்ப எடுக்கிறோம். இரண்டு தடவை காசு, இரண்டு தடவை கதிர். முப்பரிமாண ஸ்கேன் என்றால் தாளில் அச்சடித்துத் தருவது போதாது, கணினித் திரையை போனில் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவதும் போதாது. முழுக் கோப்பையும் சீடியிலோ பென் ட்ரைவிலோ கேட்டு வாங்குங்கள். அப்போதுதான் வேறொரு வைத்தியர் தனக்குத் தேவையான பக்கத்தில் வெட்டிப் பார்க்கலாம். ஸ்கேனை யார் வாசித்தார்கள், எழுத்தில் அறிக்கை உண்டா என்றும் கேளுங்கள். தனியார் இடத்தில் எடுப்பதென்றால், 2014 ஆம் ஆண்டின் 40 ஆம் இலக்க அணுசக்திச் சட்டத்தின்படி எக்ஸ்ரே இயந்திரம் வைத்திருப்பவர் அணுசக்தி ஒழுங்குபடுத்தல் பேரவையின் அனுமதிப்பத்திரம் பெற்றிருக்க வேண்டும். அது எங்கே என்று கேட்பதில் வெட்கமில்லை. சாப்பாட்டுக் கடையில் சுகாதாரச் சான்றிதழைப் பார்ப்பதில்லையா?

கடைசியாக, நம் பள்ளிவாசல் நிருவாகங்களுக்கும், வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊருக்கு ஏதாவது செய்யத் துடிக்கும் சகோதரர்களுக்கும். ஆஸ்பத்திரிக்கு இயந்திரம் வாங்கிக் கொடுப்பது பற்றி அடிக்கடி பேச்சு வருகிறது. பெரிய இயந்திரம், பெரிய பெனர், திறப்பு விழா. நல்ல நோக்கம், அல்லாஹ் கூலி தருவான். ஆனால் எங்கள் கணக்கு வேறு. ஸ்கேன் இயந்திரத்துக்குத் தனி அறை வேண்டும், பயிற்சி பெற்ற ஆள் வேண்டும், வாசிக்கத் தெரிந்த நிபுணர் வேண்டும், பழுது பார்க்க வருடாவருடம் காசு வேண்டும். நம் கடல் காற்றில் வாசல் கேற்றே மூன்று வருடத்தில் துருப்பிடிக்கிறது. பழுதானால் கொழும்பிலிருந்து ஆள் வரும் வரை அது மூடி வைத்த பெட்டி. அதே காசின் சிறு பங்கில், பல் கதிரைக்குப் பக்கத்தில் நிற்கும் சிறிய எக்ஸ்ரே இயந்திரத்தையும் டிஜிட்டல் சென்சரையும் பராமரிப்பு ஒப்பந்தத்தோடு கொடுக்கலாம். ஆறு வயதுப் பல்லைக் காப்பாற்றுவது அந்தச் சிறியதுதான். எதை வாங்க முன்னரும் பல் பிரிவு வைத்தியரிடம் போய் "உங்களுக்கு என்ன குறை?" என்று கேளுங்கள். அவர் சொல்வது சிலவேளை இயந்திரமாகவே இருக்காது, கதிரையில் பிள்ளையை நிமிர்த்தி உட்கார வைக்கும் மெத்தையாகவும் இருக்கலாம்.

அதைவிட மலிவான ஒன்றும் நம் கையில் இருக்கிறது. இந்த நாட்டில் பாடசாலைப் பற்சிகிச்சையாளர்கள் என்றொரு சேவை இருக்கிறது. நியூசிலாந்து 1921 இல் தொடங்கிய முறை, 1950களில் கொழும்புத் திட்டத்தின் ஊடாக மஹரகமவுக்கு வந்து இன்றுவரை நடக்கிறது. பாடசாலை மருத்துவப் பரிசோதனையும் தரம் 1, 4, 7, 10 பிள்ளைகளுக்கு நடக்கிறது. பிள்ளையின் கையில் ஒரு துண்டு கொடுத்து விடுவார்கள், "பல் சிகிச்சைக்குக் கொண்டு போகவும்" என்று. அந்தத் துண்டு பேக்கின் அடியில், சாப்பாட்டுப் பெட்டிக்குக் கீழே, குழம்பு ஊறிக் கிடந்து அடுத்த தவணையில் வெளியே வருகிறது. எத்தனை தடவை கண்டுவிட்டோம்! அந்தத் துண்டு கிடைத்த மாதத்தில் போயிருந்தால் பல பிள்ளைகளுக்கு ஒரு சிறிய அடைப்போடு முடிந்திருக்கும், படமே தேவைப்பட்டிருக்காது.

வகுப்பாசிரியர்கள் அந்தத் துண்டுகளுக்கு ஒரு பட்டியல் வைத்து, யார் போனார்கள், யார் போகவில்லை என்று மாதமொருமுறை பார்த்தால் போதும். அடுத்த தவணையிலிருந்து எங்கள் ஆரம்பப் பிரிவில் இதைத் தொடங்க முடிவெடுத்திருக்கிறோம். மற்றப் பாடசாலை ஆசிரியர்களும் அதிபர்களோடு பேசிப் பாருங்கள்.

உறவுகளிடம் ஒரு வேலை. கிண்ணியா, மூதூர், தோப்பூர், புல்மோட்டை, குச்சவெளி, தம்பலகாமம், கந்தளாய், திருகோணமலை நகரம், நீங்கள் எந்த ஊராக இருந்தாலும், உங்கள் பக்கத்து அரச வைத்தியசாலையின் பல் பிரிவில் சிறிய எக்ஸ்ரே எடுக்கிறார்களா, எந்த நாட்களில், காலையில் எத்தனை மணிக்கு இலக்கம் கொடுக்கிறார்கள் என்பதை நேரில் விசாரித்துக் கொமன்டில் எழுதுங்கள். கேள்விப்பட்டதை எழுத வேண்டாம், போய்ப் பார்த்ததை எழுதுங்கள். ஊர்வாரியாகத் தொகுத்து, அச்சடித்து, ஜும்ஆவுக்கு முன்னர் பள்ளி அறிவித்தல் பலகைகளிலும் பாடசாலை வாசல்களிலும் ஒட்டுகிறோம்.

வஸ்ஸலாம்.